கிளார் காம்பஸ்: முள்ளைத் தவிர எல்லாம் அருமை

"அண்ணே, பாறை விரிசல் அளக்கும் கிளார் காம்பஸ் விலை இறங்கியிருக்கிறது. வாங்கலாமா, கைப்பேசிச் செயலியே போதுமா?" என்று பினாங்கின் பாயா தெருபோங்கில் மலைச்சரிவு வேலை பார்க்கும் தம்பி கேட்டிருந்தார். என்னுடையது பழுதுபார்த்து இப்போதுதான் கைக்கு வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பாறை விரிசல்களை அளக்க இதைவிட வேகமான கருவியை நான் பிடித்ததில்லை. 1954இல் எபர்ஹார்ட் கிளார் என்ற ஆஸ்திரிய நிலவியலாளர் முன்வைத்த வடிவம். மூடியை விரிசல் முகத்தில் ஒட்ட வைத்து, மட்டக் குமிழி நடுவுக்கு வரும்வரை பெட்டியைத் திருப்பி, பொத்தானை அழுத்தி விட்டால் சாய்வுத் திசை, அதாவது விரிசல் எந்தப் பக்கம் சரிகிறது என்பது, முள்ளில் நிற்கும். எவ்வளவு சரிகிறது என்ற சாய்வுக் கோணம் கீலில் தெரியும். தஞ்சோங் பூங்கா கடலோரக் கருங்கல்லில் ஒரு காலை முழுக்க அளந்தாலும் கை சலிக்காது. பினாங்கில் காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் வேறுபாடு ஒரு பாகைகூட இல்லை என்பதால் திருத்தக் கணக்கும் மிச்சம்.

ஆனால் அந்த முள்!

மத்திய ஐரோப்பாவில் புவிக்காந்தப் புலம் 60 பாகைக்கும் மேல் சரிந்து மண்ணுக்குள் இறங்குகிறது. அதனோடு முள்ளின் வடமுனையும் தாழாமலிருக்க அதன் தென்பாதியில் சிறு கம்பிச்சுருளை எடையாகக் கட்டுகிறார்கள். புலம் சரியாமல் கிடையாக ஓடும் காந்த நடுக்கோடோ நமக்குச் சற்று வடக்கே, தென் தாய்லாந்துப் பக்கம் போகிறது. இங்கே அந்த எடை வெறும் சுமை. தென்முனை தொங்கி உரசும். முள் பாதி வழியில் நின்றுவிடும். சாதாரணக் காம்பஸ் என்றால் பெட்டியைச் சற்றுச் சாய்த்து முள்ளை விடுவிக்கலாம். இதில் குமிழி நகர்ந்தால் சாய்வுக் கோணமே பொய். விற்றவரிடம் கேட்டால் "தட்டிப் பாருங்கள்" என்கிறார். இவ்வளவு விலை கொடுத்தது தட்டுவதற்கா? கடைசியில் ஜார்ஜ்டவுனில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெரியவர்தான் கண்ணாடியைத் திறந்து சுருளை நகர்த்தித் தந்தார்.

செயலியைப் பற்றி: சாய்வுக் கோணம் நன்றாகவே தருகிறது. திசைதான் சந்தேகம். வெட்டுச்சரிவுகளில் இரும்பு வலையும் ஆணிகளும் அருகிலிருந்தால் இரண்டுமே தடுமாறும். காம்பஸ் முள் ஆடுவது கண்ணுக்குத் தெரியும். கைப்பேசியோ எதுவுமே நடக்காதது போல் ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்கள், அளவுகளைப் புள்ளிகளாகக் குறிக்கும் வட்ட வரைபடமான ஸ்டீரியோநெட்டில் ஏறிவிட்டால், ஒரே திசையில் சரியும் இல்லாத விரிசல் தொகுதி ஒன்று அங்கே அழகாகத் திரண்டு நிற்கும்.

ஆகவே தம்பி, வாங்க வேண்டாம். காந்த நடுக்கோட்டுப் பகுதிக்குச் சமன் செய்த முள் என்று கடைக்காரர் எழுதித் தந்தால் மட்டும் யோசியுங்கள். வடக்கத்திய முள் என்றால் பாதி விலைக்கும் வேண்டாம். என்னுடையதை இரவல் கேட்காதீர்கள், அடுத்த வாரம் எனக்கே வேலை இருக்கிறது.