ஒரு பெட்டி, இரண்டு இயங்குதளங்கள், இரட்டைத் தொல்லை

இணையவழிச் சேவைகளுக்கு ஆண்ட்ராய்டு, வட்டில் சேமித்துவைத்த படங்களுக்கு, அவற்றை ஓட்டிக் காட்டும் 'கோடி' (Kodi) மென்பொருளுடன் கூடிய லினக்ஸ் என்று இரண்டையும் ஒரே பெட்டியில் தரும் இந்தத் தொலைக்காட்சி மீடியா பிளேயர், அட்டையில் படிக்கும்போது கவர்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் இயங்குவதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் கருவியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அதற்குள் எச்டிஎம்ஐ இணைப்பு அறுந்து, தொலைக்காட்சி 'சிக்னல் இல்லை' என்கிறது.

அதைவிடப் பெரிய குறை, இரண்டு இயங்குதளங்களுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லாதது. வைஃபை கடவுச்சொல்லையும் நேர மண்டலத்தையும் இரு பக்கமும் தனித்தனியே அமைக்க வேண்டும் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புளூடூத் விசைப்பலகைதான் உண்மையான சோதனை. இணைப்புக்கான ரகசியக் குறியீட்டை ஒவ்வொரு இயங்குதளமும் தானாக உருவாக்கிக்கொள்கிறது. விசைப்பலகைக்கோ இரண்டும் ஒரே முகவரி கொண்ட ஒரே கருவி. ஆகவே லினக்ஸில் இணைத்தவுடன் ஆண்ட்ராய்டில் இருந்த பழைய இணைப்பு செல்லாததாகிவிடுகிறது.

ஆண்ட்ராய்டு பக்கம் இருப்பது தொலைக்காட்சிக்கென வடிவமைத்த பதிப்பன்று, டேப்லெட்டுக்கான பதிப்பு. பல செயலிகளில் ரிமோட்டைக் கொண்டு சுட்டியை நகர்த்தித்தான் எதையும் தேர்ந்தெடுக்க முடிகிறது. படங்களை நகலெடுக்கவிடாமல் தடுக்கும் வைட்வைன் பாதுகாப்பும் அதன் கீழ்நிலையான எல்3 நிலையில் மட்டுமே இருப்பதால், அட்டையில் 4கே என்று பெரிதாக அச்சிட்டிருந்தும் நெட்ஃபிளிக்ஸ் 480பி தரத்தைத் தாண்டுவதில்லை.

லினக்ஸ் பக்கம் படம் ஓட்டுவதில் குறை சொல்ல அதிகமில்லை. விநாடிக்கு 23.976 சட்டகங்கள் (தனித்தனிப் படங்கள்) கொண்ட திரைப்படத்துக்கு ஏற்பத் தொலைக்காட்சியின் புதுப்பிப்பு வீதத்தையும், அதாவது திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதையும், அது மாற்றிவிடுகிறது. ஆண்ட்ராய்டு பக்கமோ எப்போதும் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்பதால், ஒரு சட்டகம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையுமாகத் திரையில் வந்து, கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் படம் தத்தித் தத்திச் செல்கிறது. ஆனால் லினக்ஸில் பாதியில் நிறுத்திய படம் எந்த இடத்தில் நின்றது என்பது ஆண்ட்ராய்டில் உள்ள கோடிக்குத் தெரியாது.

ஆண்ட்ராய்டைப் புதுப்பித்தபோது துவக்க அமைப்பு மேலெழுதப்பட்டு, லினக்ஸைத் தேர்ந்தெடுக்கும் வசதியே மறைந்துபோனது. ஒலி-ஒளிக் கம்பியைச் செருகும் ஏவி துளைக்குள் ஒளிந்திருக்கும் மீட்டமைப்புப் பொத்தானைப் பல்குத்தும் குச்சியால் அழுத்தியபடியே மின்சாரம் கொடுத்துத்தான் அதைத் திரும்பப் பெற முடிந்தது. விற்பனையாளரிடம் கேட்டால், புதுப்பிக்காமல் இருப்பதே நல்லது என்கிறார். அப்படியானால் பாதுகாப்புத் திருத்தங்களையும் கைவிட வேண்டியதுதான்.