‘சிமுலேட்டர்ல ஓடுது பாருங்க’ என்று காட்டினால் உடனே பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் 14,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் என்ன காட்டி ஏமாற்றினார் என்பதை விடாமல் எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் கிளைடர் சிமுலேட்டர், அதாவது கிளைடர் பறப்பதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள், ஓட்டுகிறவர்கள் மிகக் கொஞ்சம். பக்கத்தில் விசாரிக்க ஆள் இல்லை என்பதுதான் அவருக்கு வசதியாகப் போனது.

நான் தக்கலைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். வேளிமலைக்கு மேலே பருந்து சிறகடிக்காமல் வட்டமிட்டு ஏறுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து நிற்பேன். எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரும் அப்படித்தான் ஏறுகிறது, சூடாகி எழும்பும் காற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு. நிஜத்தில் கற்க வேண்டுமென்றால் புனே ஹடப்சர் மாதிரி எங்காவது போக வேண்டும். என் வேலையும் வீட்டு நிலையும் அதற்கு விடவில்லை. அதனால் காண்டோர் சிமுலேட்டரைக் காசு கொடுத்து வாங்கி, பிளஸ் டூ படிக்கும் அக்கா மகனோடு சேர்ந்து இரவில் அதிலேயே ஸ்லோவேனியா மலைகளுக்கு மேல் பறக்கிறேன்.

காண்டோருடன் எக்ஸ்.சி.சோர் என்ற வழிகாட்டி மென்பொருளை இணைத்து ஓட்டலாம். நிஜ கிளைடர் விமானிகள் காக்பிட்டில் வைத்துக்கொள்ளும் அதே மென்பொருள்தான். வரைபடம், அடுத்து திரும்ப வேண்டிய இடம், இப்போதிருக்கும் உயரத்தில் எதுவரை போய்ச் சேரலாம், எல்லாம் அதில் தெரியும். மெக்ரெடி மதிப்பு என்று ஒன்று உண்டு. 1956-ல் உலக கிளைடிங் சாம்பியன் ஆன பால் மெக்ரெடியின் பெயரில் வந்தது. அடுத்த வெப்பக்காற்று எவ்வளவு பலமாக இருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதை அதில் வைத்தால், அதைப் போய்ச் சேரும்வரை எந்த வேகத்தில் பறக்க வேண்டும் என்று அது சொல்லும். பறக்கும்போது இதை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். 45 டிகிரி சாய்ந்து வட்டமிடும்போது ஜாய்ஸ்டிக்கை விட்டு மவுஸைத் தேடினால் வட்டம் கலைந்து, காற்று கையை விட்டுப் போய்விடும். அதனால் கைக்கு எட்டும் ஒரு கீபேடிலும் ஜாய்ஸ்டிக் பட்டன்களிலும் இந்த வேலைகளைப் போட்டுத் தரச் சொல்லித்தான் கடைக்குப் போனேன்.

அவர் சொன்ன கணக்கு: ‘பைலட் கீபேட்’ 3,800, சாஃப்ட்வேர் லைசென்ஸ் 5,000, செட்டிங் 6,000. “ஒண்ணும் பேடிக்காண்டாம் அண்ணே, சிமுலேட்டர்ல ஓட்டிக் காட்டித்தான் மீதிப் பணம் வாங்குவேன்” என்றார். 10,000 ரூபாய் ஜிபேயில் போட்டேன்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். என் லேப்டாப்பில் எக்ஸ்.சி.சோரைத் திறந்தார். தொடக்கத்தில் இரண்டு பட்டன் வந்தது: ஒன்று பறப்பதற்கு, இன்னொன்று சிமுலேட்டர். சிமுலேட்டர் என்பதை அழுத்தினார். வரைபடத்தில் குட்டி விமானம் நகர்ந்தது. கீபேடில் ஒரு பட்டனைத் தட்டினார், வரைபடம் பெரிதானது. இன்னொன்றைத் தட்டினார், மெக்ரெடி கூடியது. ஜாய்ஸ்டிக் பட்டனை அழுத்தினார், அதுவும் வேலை செய்தது. “சிமுலேட்டர்ல ஓடுது பாருங்க” என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மீதி 4,800 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஏமாற்று அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. நான் சிமுலேட்டர் என்றது காண்டோரை. அவர் காட்டியது எக்ஸ்.சி.சோருக்குள்ளேயே இருக்கும் ஒத்திகை முறை. அந்த முறையில் அது வெளியிலிருந்து எந்தத் தகவலையும் வாங்காது. காண்டோர் அந்த லேப்டாப்பில் இருந்தும் அதை அவர் திறக்கவே இல்லை.

வீட்டில் காண்டோரை முழுத்திரையில் ஓட்டினேன். கிளைடரை மேலே இழுத்துப்போகும் விமானத்திலிருந்து விடுபட்டதும் வரைபடத்தைப் பெரிதாக்க கீபேடைத் தட்டினேன். காண்டோரில் பார்வைக் கோணம் மாறியது. பக்கத்து மானிட்டரில் எக்ஸ்.சி.சோர் அசையவில்லை. எந்தப் பட்டனைத் தட்டினாலும் அதே கதை.

காரணத்தை மூன்று நாள் உட்கார்ந்து கண்டுபிடித்தவன் என் அக்கா மகன்தான். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன். விண்டோஸில் நாம் தட்டும் விசை, அப்போது எந்த மென்பொருளின் ஜன்னல் திரையில் முன்னால் இருக்கிறதோ அதற்குத்தான் போகும். கடையில் முன்னால் இருந்தது எக்ஸ்.சி.சோர் மட்டும், அதனால் எல்லாம் வேலை செய்தது. வீட்டில் முன்னால் இருந்தது காண்டோர், அதனால் எல்லாமே காண்டோருக்குப் போனது. ஜாய்ஸ்டிக்கும் இதே வகைதான். பட்டனை விசையாக மாற்றும் ஜாய்டுகீ மாதிரி ஒரு சின்ன மென்பொருளை அவர் போட்டிருந்தார். அது அனுப்பும் விசையும் முன்னால் இருக்கும் ஜன்னலுக்கே போகும். பறந்துகொண்டிருக்கும்போது இதற்குப் பயனே இல்லை.

அதைவிட மோசம், இரண்டு மென்பொருளுக்கும் நடுவே தொடர்பே போடவில்லை. காண்டோர் தன் இடம், உயரம், ஏற்ற வேகம் ஆகியவற்றை என்.எம்.ஈ.ஏ. (வழிகாட்டிக் கருவிகள் தகவல் பரிமாறும் வடிவம்) வரிகளாக, காம் போர்ட் என்ற கணினியின் தகவல் வாசல் வழியாக வெளியே அனுப்பும். அமைப்பில் அதை டிக் செய்து வைக்க வேண்டும். அந்த டிக்கே இல்லை. ஒரே கணினியில் இரண்டும் ஓடினால் காம்0காம் மாதிரி ஒரு மென்பொருளைப் போட்டு, ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு போலி போர்ட்களை உருவாக்க வேண்டும். ஒரு முனையைக் காண்டோருக்கும் மறுமுனையை எக்ஸ்.சி.சோருக்கும் கொடுத்து, அங்கே சாதன வகையில் காண்டோரைத் தேர்ந்தெடுத்து, பறக்கும் முறையில் திறக்க வேண்டும். இதில் ஒன்றுகூட நடந்திருக்கவில்லை.

அப்புறம் அந்த லைசென்ஸ். எக்ஸ்.சி.சோர் முழுக்க இலவசம். மைக் ராபர்ட்ஸ் என்பவர் விற்பனைப் பொருளாகத் தொடங்கியதுதான், ஆனால் 2004 இறுதியிலேயே அதன் மூலநிரலை, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் விடும் ஜி.பி.எல். உரிமத்தில் பொதுவாகத் திறந்துவிட்டார். இன்று ப்ளே ஸ்டோரில் எவரும் காசில்லாமல் இறக்கலாம். இணைத்துத் தரும் உழைப்புக்கு ஒருவர் கூலி கேட்பதில் தப்பே இல்லை. நான் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். இல்லாத லைசென்ஸுக்கு 5,000 வாங்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ‘பைலட் கீபேட்’ பட்டன் ஒன்றின் மேலிருந்த ஸ்டிக்கரை அக்கா மகன் உரித்தான். அடியில் 7 என்று இருந்தது. ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண நம்பர் கீபேட்.

போன் செய்தேன். “உங்க லேப்டாப்புக்குப் பவர் பத்தல அண்ணே, கிராஃபிக்ஸ் வேற போடணும், இப்பம் ஒரு 9,000 ஆகும்” என்றார். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஜன்னல் விஷயத்தை எடுத்துச் சொன்னதும் பேச்சு மாறிவிட்டது. அடுத்த நாளிலிருந்து எடுக்கவே இல்லை. நேரில் போனேன். விற்ற சாமானைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று கடைப் பையன் சொன்னான், அவர் உள்ளேயே இருந்தார்.

இப்போது எங்களுக்கு வேலை செய்யும் முறையைச் சொல்கிறேன், யாரிடமும் பணம் கொடுக்காமல் நீங்களே செய்துகொள்ளலாம். எக்ஸ்.சி.சோரைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டுப் பழைய ஆண்ட்ராய்டு போனில் போட்டோம். காண்டோரின் காம் போர்ட்டில் வருவதை வைஃபை வழியாக டி.சி.பி. என்ற இணைப்பு முறையில் போனுக்கு அனுப்புகிறோம். எக்ஸ்.சி.சோரில் அதற்கான போர்ட் எண் வழக்கமாக 4353. கீபேடை ஓ.டி.ஜி. கேபிளில் போனிலேயே செருகியாகிவிட்டது. கீபேட் போனோடு மட்டும் பேசும், ஜாய்ஸ்டிக் காண்டோரோடு மட்டும் பேசும். எந்த ஜன்னல் முன்னால் என்ற தொல்லையே இல்லை. நிஜ கிளைடர்களில் ஸ்டிக் பிடியில் வைக்கும் புளூடூத் பட்டன்களும் இதே தத்துவம்தான்: வழிகாட்டிக் கருவிக்கு அவை ஒரு சின்ன கீபோர்டாகத் தெரியும்.

எந்தப் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்பது எக்ஸ்.சி.ஐ. என்று முடியும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கிறது. நோட்பேடில் திறந்து திருத்தலாம். ஒவ்வொரு விசைக்கும் சில வரிகள்: எந்த நிலையில், எந்த விசை, என்ன நிகழ்வு. கோப்பை எக்ஸ்.சி.சோரின் தரவுக் கோப்புறையில் வைத்து, அமைப்பில் தேர்ந்தெடுத்தால் போதும். கடைக்காரர் 6,000 ரூபாய்க்குச் செய்தது, இலவசமாக வரும் கோப்பில் மூன்று வரியை மாற்றியதுதான். ஒரு விஷயத்தில் மட்டும் நாங்களும் ஒரு மாலை முழுக்கத் திண்டாடினோம். கீபேடில் உள்ள Num Lock விளக்கு எரிந்தால் 8 என்ற பட்டன் 8-ஆகவே வேலை செய்யும், அணைந்தால் அதே பட்டன் மேல்நோக்கிய அம்பு. கோப்பில் ஒன்றை எழுதிவிட்டு மற்றதைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

பணம் இன்னும் வரவில்லை. என்னிடம் முறையான பில் இல்லை, வெள்ளைத் தாளில் எழுதிய மூன்று வரிதான். ஜிபே ரசீதும், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும், காண்டோர் ஓடும்போது கீபேட் எதுவும் செய்யாததைக் காட்டும் வீடியோவும் இருக்கின்றன. அவற்றோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன் ஆலோசனைக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தும் பேசலாம்.

இதே மாதிரி வேலைக்கு யாரிடமாவது அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள் என்றால், மீதியைக் கொடுக்கும் முன் கடையிலேயே காண்டோரை முழுத்திரையில் திறக்கச் சொல்லுங்கள். கிளைடர் காற்றில் இருக்கும்போது எக்ஸ்.சி.சோரில் அதே இடம், அதே உயரம் நகர்கிறதா என்று பாருங்கள். பறந்துகொண்டிருக்கும்போதே கீபேடை உங்கள் கையால் தட்டிப் பாருங்கள். எக்ஸ்.சி.ஐ. கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் என்று ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.