வாரச் சமையல் திட்டம்: புதன்கிழமையைத் தாங்குவது எது?

வாரம் முழுவதற்கும் வீட்டுச் சாப்பாட்டைத் திட்டமிட எந்த முறை நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் எல்லோரும் தங்கள் முறை ஒழுங்காக நடந்த வாரத்தை மனதில் வைத்துத்தான் சொல்வார்கள். ஒழுங்காகப் போகிற வாரத்தில் எந்த முறையும் வேலை செய்யும், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வேலை முடிந்து வீடு வரவே நேரமாகி, பிள்ளைக்கு ஜலதோஷம், ஆசையாக வாங்கிய கீரை வாடிக் கிடக்கிறது, சமைக்க வேண்டியவருக்கு நிற்கவே தெம்பில்லை என்று ஒரு புதன்கிழமை வருமே, அன்றைக்கு எது தாங்குகிறது என்பதை வைத்துத்தான் நான் அளப்பேன்.

ஒப்பிடப் போவது நான்கு முறைகளை. முதலாவது முழுப் பட்டியல்: ஏழு நாளுக்கும் எந்த வேளைக்கு என்ன என்று உணவின் பெயரோடு எழுதி வைப்பது. இரண்டாவது, பெயரை எழுதாமல் வகையை மட்டும் எழுதுவது, அதாவது திங்கள் பருப்பு, செவ்வாய் முட்டை, புதன் சூப் என்று. மூன்றாவது மொத்தச் சமையல்: விடுமுறை நாளில் அடுப்படியிலேயே நின்று வாரத்துக்கானதைச் சமைத்து டப்பாக்களில் அடைப்பது. நான்காவது பாதித் தயாரிப்பு, எதையும் சமைத்து முடிக்காமல் நறுக்குவது, வேகவைப்பது, வெங்காயம் தக்காளி வதக்குவது போன்ற வேலைகளை மட்டும் முன்கூட்டியே முடித்து வைப்பது. ‘அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. அதைத் திட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்கும் ஓர் இடம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

யோசிக்கிற வேலை யாருக்கு?

சமைப்பதைவிட என்ன சமைப்பது என்று யோசிப்பதுதான் பலருக்கும் அலுப்பு. அந்த அலுப்பை ஒரே வீச்சில் தீர்ப்பது முழுப் பட்டியல்தான். ஒரு நாள் உட்கார்ந்து எழுதினால் அடுத்த ஏழு நாள் வாய் திறக்க வேண்டாம். இதில் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை: பட்டியல் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தால் வீட்டில் முதலில் வருகிறவர் யாராக இருந்தாலும் சமையலை ஆரம்பிக்கலாம். ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கிற திட்டத்தில் மற்றவர்கள் ‘என்ன செய்யணும், சொல்லு’ என்று உதவியாளர்களாகவே நின்றுவிடுவார்கள். எழுதிய பட்டியல் அந்தச் சாக்கை எடுத்துவிடுகிறது.

வகை முறையில் யோசனை முழுதாகப் போகாது, சிறிதாகும். செவ்வாய் முட்டை என்று எழுதியிருந்தால் அன்றைக்கு வரும் கேள்வி ‘என்ன சமைப்பது’ இல்லை, ‘முட்டையில் என்ன’ என்பதுதான். பொரிப்பதா, அவித்து மசாலாவில் போடுவதா, காய்கறியோடு கிளறுவதா, அவ்வளவுதான். ஆனால் சமையல் அதிகம் பழகாத ஒருவருக்கு ‘முட்டை’ என்ற ஒற்றைச் சொல் போதாது, அவருக்குப் பெயரும் வேண்டும், செய்முறையும் வேண்டும். ஆக வீட்டில் மாறி மாறிச் சமைப்பவர்கள் இருந்தால், குறிப்பாக அதில் ஒருவர் புதிதாகப் பழகுகிறவர் என்றால், இந்த ஒரு விஷயத்தில் முழுப் பட்டியல்தான் மேல்.

அப்புறம் புதன்கிழமை. முழுப் பட்டியல் உடைந்தால் மோசமாக உடையும். செவ்வாய்க்கு மீன் என்று எழுதி, மீனும் வாங்கி, செவ்வாய் சமைக்க முடியாமல் போனால் அதை அப்படியே வெள்ளிக்குத் தள்ள முடியாது, ஏனென்றால் பச்சை மீனும் கோழியும் ஃப்ரிட்ஜில் தாங்குவது 1 முதல் 2 நாள்தான். மீனைப் புதனுக்குக் கொண்டுவந்தால் புதனுக்கான கீரை வியாழனுக்குப் போகும், வியாழனுக்குள் அது மஞ்சளாகியிருக்கும். ஒரு நாள் தவறினால் மீதி வாரம் முழுக்க அதைச் சரிக்கட்டுவதிலேயே போகும், இரண்டு வாரம் இப்படிப் போனால் பட்டியல் எழுதுகிற ஆசையே விட்டுப்போகும். வகை முறையில் இந்தப் பிரச்சினை குறைவு. பருப்பு நாளும் முட்டை நாளும் இடம் மாறினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, இரண்டும் காத்திருக்கும் பொருள்கள்.

மொத்தச் சமையலும் நான்கு நாள் சுவரும்

விடுமுறை நாளில் ஒரே மூச்சில் சமைத்து அடுக்கிய டப்பாக்களின் படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். நேரத்தை மிச்சப்படுத்துவதில் அது பொய்யும் இல்லை: ஒரு முறை வெங்காயம் நறுக்கி, ஒரு முறை அடுப்பைத் துடைத்து, ஒரு முறை பாத்திரம் கழுவினால் போதும். நிற்கத் தெம்பில்லாத புதன்கிழமைக்கு இதைவிடச் சுகமான முறை கிடையாது, டப்பாவை எடுத்துச் சூடாக்கினால் சாப்பாடு. ஆனால் படத்தில் தெரியாத கணக்கு ஒன்று இருக்கிறது.

சமைத்த உணவை 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே வைத்தால் 3 முதல் 4 நாள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது பொதுவான பாதுகாப்பு விதி. ஞாயிற்றுக்கிழமை சமைத்தது புதன் வரை வரும், மிஞ்சிப் போனால் வியாழன். வெள்ளிக்கும் சனிக்கும் என்று எழுதிய டப்பாக்கள் சமைத்த அன்றே ஃப்ரீசருக்குப் போயிருக்க வேண்டும், அதாவது மைனஸ் 18 டிகிரிக்கு. அப்போதுகூட எல்லாம் ஃப்ரீசருக்கு ஒத்துவராது. பருப்பு, பயறு, சூப், மசாலாவில் வெந்த இறைச்சி எல்லாம் நன்றாகத் தாங்கும். உருளைக்கிழங்குத் துண்டுகள் உருகும்போது மாவு மாவாகிவிடும், நீர் நிறைந்த காய்கள் தொளதொளத்துப் போகும். ஆக ‘மொத்த வாரமும் ஒரே நாளில்’ என்பது உண்மையில் பாதி வாரம் ஃப்ரிட்ஜில், பாதி வாரம் ஃப்ரீசரில். ஃப்ரீசர் சின்னதாக இருந்தால் இந்த முறையை ஆரம்பிக்காமலே விடுவது நல்லது.

ஆறவைப்பதிலும் கவனம் வேண்டும். பெரிய பானை நிறையச் சமைத்ததை அப்படியே மேடையில் விட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும், கிருமிகள் பெருகுவதற்கு அதைவிட நல்ல இடம் வேண்டாம். அதனால்தான் ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து, சமைத்த 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறார்கள். சாதத்தில் இன்னும் கறார். பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் வேகவைத்தாலும் சாகாது, சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும், வாந்தி வரவைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பிரிட்டனின் உணவுத் தர முகமை சாதத்தை முடிந்தால் 1 மணி நேரத்துக்குள் ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடச் சொல்கிறது. எனவே மொத்தச் சமையலில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், சாதத்தை மட்டும் அன்றன்று வைப்பதுதான் புத்திசாலித்தனம். வைக்க என்ன பெரிய வேலை, அடுப்பில் ஏற்றிவிட்டுக் குளிக்கப் போகலாம். டப்பாவில் இருப்பதைச் சூடாக்கும்போதும் ஓரம் கொதித்தால் போதாது, நடுவரை 74 டிகிரியாவது ஏற வேண்டும்.

இதெல்லாம் பயமுறுத்த இல்லை. பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது மொத்தச் சமையலுக்கு மட்டும் இவ்வளவு நிபந்தனைகள் வருகின்றன, அதைக் கணக்கில் எடுக்காமல் ‘ஐந்து நாள் நேரம் மிச்சம்’ என்று சொல்வது பாதிக் கணக்கு. மீதிப் பாதி என்னவென்றால் விடுமுறை நாளின் பெரும்பகுதி போய்விடும். வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு ஞாயிறும் அடுப்படியில் நிற்கிறவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் வாரநாட்களிலும் அவரேதான் சமைத்துக்கொண்டிருப்பார்.

பாதி வேலை முடிந்த அடுப்படி

பாதித் தயாரிப்புக்குப் படத்தில் அழகு கிடையாது. ஒரு டப்பாவில் வதக்கிய வெங்காயம் தக்காளி, ஒன்றில் வேகவைத்த பயறு, இன்னொன்றில் நறுக்கிய கேரட், முட்டைக்கோஸ், அவித்த முட்டை கொஞ்சம். இதற்கு ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய, போதும். பயறு தானே வேகும் நேரத்தில் மற்றதை முடித்துவிடலாம். வாரநாளில் இன்னும் அரை மணி நேரத்துக்குள்ளான சமையல் பாக்கி இருக்கும் என்பது உண்மைதான், மொத்தச் சமையல் இங்கே ஜெயிக்கிறது. ஆனால் தட்டில் வருவது புதிதாகச் சமைத்தது, மூன்றாம் நாள் சூடாக்கியது இல்லை.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதற்கு இன்னொரு பலம் உண்டு. ஒரே பயறைக் காரமாக ஒரு சட்டியிலும் காரமில்லாமல் இன்னொரு சட்டியிலும் போடலாம். ஒருத்திக்குக் கேரட் பிடிக்காது, ஒருவனுக்கு அது மட்டும்தான் பிடிக்கும் என்றால் தட்டில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் கலந்து சமைத்த டப்பாவில் இந்த வசதி இல்லை. அதே சாப்பாடு மூன்றாவது முறையாக மேசைக்கு வந்தால் பெரியவர்களே முகம் சுளிப்பார்கள், குழந்தைகளைக் குறை சொல்லி என்ன பயன்?

இதிலும் எச்சரிக்கை ஒன்று: சிவப்பு ராஜ்மாவை மெதுவாக வேகவைக்கும் மின்சாதனத்தில் அப்படியே போட்டுவிட்டுப் போகக் கூடாது. வேகாத ராஜ்மாவில் வயிற்றைப் புரட்டும் நச்சு ஒன்று இருக்கிறது, இளஞ்சூட்டில் அது அழியாது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று முதலில் கொதிக்கவிட வேண்டும். 10 நிமிடமாவது என்பது வழக்கமான அறிவுரை, 30 நிமிடம் என்றால் இன்னும் நல்லது. பிறகு வேகும் வரை வேகட்டும்.

குப்பைக்குப் போவது

2024-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட அறிக்கைப்படி 2022-ல் உலகம் முழுவதும் வீணான உணவு சுமார் 105 கோடி டன், அதில் சுமார் 60 சதவீதம் கடைகளிலோ உணவகங்களிலோ இல்லை, வீடுகளில் வீணானது. திட்டம் போடுகிறவர்கள் நாங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை என்று நினைத்துக்கொள்ளலாம், ஆனால் திட்டம் போட்டு வீணடிப்பதும் சுலபம்தான். ஏழு நாளுக்கு ஏழு புது உணவுகள் எழுதினால் ஏழுக்கும் தனித்தனிப் பொருள்கள், ஒவ்வொன்றிலும் பாதி மிச்சம். அரைக் கட்டு மூலிகை இலை, கால் பாகம் பூசணி, திறந்த டப்பாவில் கொஞ்சம் க்ரீம். இவையெல்லாம் எந்த நாளுக்கும் சொந்தமில்லாமல் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் போய்ச் சேரும்.

வகை முறைக்கு இங்கே மதிப்பெண் கூட. சூப் நாளில் எது மிச்சமோ அது சூப், முட்டை நாளில் எந்தக் காய் வாடப் போகிறதோ அது முட்டையோடு. மொத்தச் சமையலில் காய் வீணாவது குறைவு, சமைத்தது வீணாவது அதிகம். அலுத்துப்போய் யாரும் தொடாத கடைசி டப்பா எல்லா வாரமும் ஒன்று இருக்கும்.

சரி, எதை எடுப்பது?

ஷிப்டு வேலை, இரவு எப்போது வருவோம் என்றே தெரியாது, ஃப்ரீசரும் பெரியது என்றால் மொத்தச் சமையல், தயங்க வேண்டாம். சமைக்கிறவர் நாளுக்கு நாள் மாறுகிற வீடு என்றால் முழுப் பட்டியல், ஆனால் ஏழு புது உணவு இல்லாமல் எல்லோருக்கும் கை பழகியவற்றைப் போடுங்கள். கடை நடைதூரத்தில், வீட்டில் ஒருவரோ இருவரோ என்றால் ‘அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதே போதும். அங்கே வாரத் திட்டம் போடுவது தேவையில்லாத வேலை.

மற்றபடி பிள்ளைகளும் வேலையும் இருக்கும் சாதாரண வீட்டுக்கு என் ஓட்டு, வகைப் பட்டியலோடு பாதித் தயாரிப்பைச் சேர்ப்பதற்கு. ஐந்து நாளுக்கு வகை எழுதுங்கள், அதில் சமைக்கத் தெரிந்ததை மட்டும் நினைத்துக்கொண்டு எழுதுங்கள். வார ஆரம்பத்தில் கீரை, மீன் போன்ற காத்திருக்காத பொருள்கள் வரட்டும், நடுவில் கேரட், முட்டைக்கோஸ், கடைசியில் பருப்பு, முட்டை, கிழங்கு. எந்த நாள் பருப்போ பயறோ சமைத்தாலும் இரண்டு பங்காகச் சமைத்து, ஒரு பங்கை அன்றே பெயரும் தேதியும் எழுதி ஃப்ரீசரில் போடுங்கள். புதன்கிழமைக்கான காப்பீடு அதுதான், இதற்காக ஞாயிறு முழுவதையும் கொடுக்க வேண்டியதில்லை.

ஆறாவது நாளுக்கு எதையும் எழுதாதீர்கள், அன்றைக்கு மிச்சத்தைத் தீர்ப்பதுதான் சமையல். ஏழாவது நாள் உங்கள் இஷ்டம். புதிதாக ஒரு செய்முறையை முயலும் ஆசை இருந்தால் அதை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பசியோடு நாலு பேர் சுற்றி நிற்கிற வாரநாள் மாலையில் வேண்டாம்.