தோட்டத்துச் சாளைக்கு எந்தத் துப்பாக்கி: செமி ஆட்டோவா, பம்பா, டபுள் பேரலா?

2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர். 2025இல் சிவகிரி பக்கம் தனியாகக் குடியிருந்த வயதான தம்பதி. இரண்டும் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், நடந்த கொலைகள். அதற்குப் பிறகு ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் துப்பாக்கி லைசென்ஸ் பேச்சு வராத வீடு குறைவு. யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் சுட்டுக் காட்டும் செமி ஆட்டோ ஷாட்கன்னை (ஒரே தோட்டாவில் பல ஈய உருண்டைகள் போகும் துப்பாக்கி) பார்த்துவிட்டு அதையே கேட்கிறவர்களும் உண்டு. தோட்டங்காட்டில் வீடு வைத்திருப்பவருக்கு எது கைக்கு வரும், எது நம்பி எடுக்கத் தக்கது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

செமி ஆட்டோவிலேயே தொடங்கலாம். சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது இது. இதில் இரண்டு வகை. பெரெட்டா 1301, பெனெல்லி எம்4 போன்றவை, தோட்டா வெடிக்கும்போது வரும் வாயுவில் கொஞ்சத்தை எடுத்து, பிஸ்டனைத் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றுகின்றன. எம்4 அமெரிக்க மரைன் படையில் எம்1014 என்ற பெயரில் இருக்கிறது. பெனெல்லி எம்2 வேறு மாதிரி. துப்பாக்கி பின்னால் உதைக்கிற விசையில் ஒரு ஸ்பிரிங் சுருங்கி விரிந்து வேலை செய்யும். வாயு வகையில் உதை குறைவு, ஆனால் பிஸ்டனில் கரி படியும், துடைக்காமல் விட்டால் இறுகும். ஸ்பிரிங் வகை சுத்தமாகவே இருக்கும், ஆனால் தோளில் அழுத்திப் பிடிக்காமல் தளர்வாகச் சுட்டால் அடுத்த தோட்டா ஏறாமல் நின்றுவிடும். இரண்டுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு: வேகம் மாறாத, புதிய, ஒரே தரமான தோட்டா வேண்டும். மருந்து நமத்துப்போன தோட்டாவுக்கு இவை இயங்கமாட்டா.

இவ்வளவையும் தெரிந்துகொண்டாலும் வாங்க முடியாது. 2016 ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்கள் கட்டுப்படுத்தப்பட்ட I(b) பிரிவில் இருக்கின்றன. அந்தப் பிரிவுக்கு லைசென்ஸ் தரும் அதிகாரம் டெல்லி உள்துறை அமைச்சகத்துக்கு. கலெக்டர் ஆபீசில் கொடுக்கும் சாதாரண மனுவில் அது கிடைக்காது. 20 அங்குலத்துக்குக் குறைவான குழல் உள்ள ஷாட்கன்களும் அதே பிரிவில்தான் வருகின்றன. அதனால் பழைய துப்பாக்கியின் குழலை அறுத்துக் குட்டையாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். லைசென்ஸ் இருந்தாலும் அது குற்றமாகிவிடும்.

ஆக, மிச்சம் இருப்பவை மூன்று: சிங்கிள் பேரல், டபுள் பேரல், பம்ப் ஆக்‌ஷன். மூன்றையும் உள்நாட்டிலேயே செய்கிறார்கள். அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் ஏழு கம்பெனிகளாகப் பிரிந்த பிறகு, துப்பாக்கிகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா (ஏ.டபிள்யூ.இ.ஐ.எல்.) பெயரிலும், தோட்டாக்கள் முனிஷன்ஸ் இந்தியா பெயரிலும் வருகின்றன. தனியார் தயாரிப்புகளும் கடையில் இருக்கும்.

பம்ப் ஆக்‌ஷனைப் பலரும் நம்புவது கையால் இழுத்து ஏற்றுவதால்தான். தோட்டா பலவீனமாக இருந்தாலும் அது நிற்காது, கை இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். ஆனால் அதன் கோளாறும் அதே கையில்தான் இருக்கிறது. பதற்றத்தில், குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கடைசி வரை இழுக்காமல் பாதியில் தள்ளினால் காலித் தோட்டா உள்ளேயே சிக்கும், அதன் மேலே அடுத்தது வந்து இடிக்கும். அந்த நிலையில் இருட்டில் அதை எடுப்பது, மாதம் ஒருமுறையாவது ரேஞ்சில் பழகாதவருக்கு முடியாத காரியம். ஐந்தாறு தோட்டா பிடிக்கும் என்பதை வைத்து மட்டும் அறுபது வயதைத் தாண்டியவர்கள் பம்பை எடுக்கக் கூடாது. பழக்கம் உள்ள இளவட்டங்களுக்கு அது நல்ல ஆயுதம்.

சாளையில் வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றால் எங்கள் தேர்வு 28 அல்லது 30 அங்குலக் குழல் கொண்ட டபுள் பேரல். இரண்டு குழலுக்கு இரண்டு ட்ரிக்கர், இரண்டு தனி இயந்திரம். ஒரு தோட்டா வெடிக்காவிட்டாலும் விரலைப் பின் ட்ரிக்கருக்கு நகர்த்தினால் போதும். திறந்து பார்த்தாலே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். வீட்டில் பேரக்குழந்தைகள் வந்துபோகும் இடத்தில் அதுவே பெரிய பாதுகாப்பு. சிங்கிள் பேரல் விலைக்குத் தோதாக இருக்கும், ஆனால் ஒரே குண்டுதான்.

புதுசு கிடைக்காமல் பழையது வாங்குகிறவர்களே இங்கு அதிகம். தாத்தா வைத்திருந்ததைப் பேர் மாற்றி எடுப்பதும் நடக்கிறது. லைசென்ஸ்தாரர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொடுக்க 2016 விதிகளின் 25ஆம் விதி வழி செய்கிறது. எது வந்தாலும் கையில் வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனைகள் இருக்கின்றன, கடைக்காரர் முகம் சுளித்தாலும் விடாதீர்கள்.

முதலில் இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று பாருங்கள். முன்கட்டையைக் கழற்றி, குழல்களைத் தனியே எடுத்து, குழலுக்கு அடியில் நீட்டியிருக்கும் கொக்கியில் ஒரு விரலை விட்டுத் தொங்கவிட்டு விரல்கணுவால் தட்டுங்கள். கோயில் மணி மாதிரி நீண்டு ஒலித்தால் குழல்களை இணைக்கும் பட்டை உறுதியாக இருக்கிறது. 'டொக்' என்று செத்த சத்தமோ, அதிர்கிற இரைச்சலோ வந்தால் பற்றவைப்பு விட்டிருக்கிறது. பிறகு குழலை வானத்துக்கு எதிராகப் பிடித்துக் கண்ணை வையுங்கள். உள்ளே நிழல் வளையங்கள் சீராக ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிய வேண்டும். ஒரு வளையம் மட்டும் நெளிந்திருந்தால் அங்கே நசுங்கல். தோட்டா உட்காரும் அறையைத் தாண்டியதும் கரும்புள்ளிகள் இருந்தால் துரு தின்றிருக்கிறது. மேலோட்டமாக இருந்தால் பரவாயில்லை, ஆழமாக இருந்தால் வேண்டாம்.

குழலின் அடித்தட்டையில் 65 அல்லது 70, இல்லை 2½ அல்லது 2¾ என்று பொறித்திருக்கும். தோட்டா உட்காரும் அறையின் நீளம் அது, மில்லிமீட்டரில் அல்லது அங்குலத்தில். இதைப் பார்க்காமல் காசு கொடுக்கவே கூடாது. பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் நிறைய 65 மில்லிமீட்டர்தான். 70 மில்லிமீட்டர் தோட்டா அதில் சுலபமாக உள்ளே போய்விடும். ஏனென்றால் 70 என்பது தோட்டாவின் மடிந்த வாய் விரிந்த பிறகு உள்ள அளவு. வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் நெரியும், அழுத்தம் ஏறும். பழைய குழல் தாங்காது.

மறுபடி பூட்டி, முன்கட்டை இல்லாமல் பிடியைப் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்றால் மூட்டு தேய்ந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குழலுக்கும் பின்சுவருக்கும் நடுவே கீற்று தெரியக் கூடாது. துப்பாக்கியைத் திறக்க மேலே உள்ள நெம்பு, மூடியிருக்கும்போது நடுவில் அல்லது கொஞ்சம் வலப்பக்கம் நிற்க வேண்டும். இடப்பக்கம் தாண்டிவிட்டால் நிறைய உழைத்த துப்பாக்கி. கடைசியாக, டம்மி தோட்டா போட்டுச் சேஃப்டியை வைத்து, இரண்டு ட்ரிக்கரையும் பலமாக இழுத்து விட்டு, பிறகு சேஃப்டியை எடுங்கள். அப்போது குதிரை (தோட்டாவை அடிக்கும் சுத்தி) விழுந்தால் அந்தத் துப்பாக்கி ஆளைக் கொல்லும், வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

தோட்டா விஷயத்தில் எஸ்.ஜி. என்றால் 8.4 மில்லிமீட்டர் ஈய உருண்டைகள். அதன் உருண்டை செங்கல் சுவரில் நின்றாலும் தகர ஷீட்டையும் மரக்கதவையும் துளைத்துப் போகும். கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கட்டுத்தறியும், அதை ஒட்டிப் பண்ணையாள் குடும்பமும் இருக்கிற அமைப்பில் இதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். அறைக்குள் ஐந்து மீட்டர் தூரத்தில் உருண்டைகள் உள்ளங்கை அகலத்துக்கு மேல் விரியாது. ஷாட்கன் என்றால் குறி பார்க்க வேண்டாம் என்று சொல்வது முழுப் பொய். தோட்டாவைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். சுடும்போது வழக்கமான சத்தத்துக்குப் பதில் 'பொத்' என்று கேட்டால் இரண்டாவதைச் சுடாமல் திறந்து குழலைப் பாருங்கள். தோட்டாவில் மருந்துக்கும் உருண்டைகளுக்கும் நடுவே இருக்கும் அடைப்பான் உள்ளே நின்றிருக்கும், அதன் மேல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். துடைப்பதற்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும்.

லைசென்சுக்கு ஆன்லைனில் ஏ-1 படிவம், ஆயுதப் பயிற்சிச் சான்று எஸ்-1, மருத்துவச் சான்று எஸ்-3 ஆகியவை வேண்டும். வயது 21 ஆகியிருக்க வேண்டும். காவல்துறை அறிக்கைக்கு 30 நாள், அதன் பிறகு முடிவெடுக்க 60 நாள் என்று விதி சொல்கிறது. நடைமுறையில் நீளும். கொங்கில் பலரும் கவனிக்காத ஒரு தடையும் இருக்கிறது. வன உயிரின பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புது லைசென்ஸ் தர தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். சத்தியமங்கலம், ஆனைமலை மட்டுமில்லை, பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் பக்கத்திலிருக்கும் வெள்ளோடு பறவைகள் சரணாலயமும் திருப்பூர் நஞ்சராயன் குளமும் சரணாலயங்களே. அந்தச் சுற்றளவில் எத்தனை தோட்டங்கள் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். மனுப் போடும் முன்பே தூரத்தை அளந்துகொள்ளுங்கள். உயிர் காக்க வாங்கிய துப்பாக்கியைக் காட்டுப்பன்றி, மயில் மேல் திருப்பினால் அதே சட்டத்தில் ஜெயில்.

லைசென்ஸ் பேருள்ளவருக்கு மட்டும்தான். அப்பா பேரில் இருப்பதை அம்மா எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போடாதீர்கள். அம்மாவுக்கும் தேவை என்றால் அம்மா பேரில் தனி மனு.

இரவில் நாய் குரைக்கிறது என்று துப்பாக்கியோடு கட்டுத்தறிப் பக்கம் இறங்குவதுதான் மிகப் பெரிய ஆபத்து. சத்தம் கேட்டு ஓடிவரும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் இருட்டில் உருவம்தான். உள் அறைக்குள் குடும்பத்தைச் சேர்த்து, கதவைத் தாழிட்டு, 112க்கு அழைத்து, கதவை நோக்கி நில்லுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீடு உடைத்து நுழைகிறவரிடமிருந்து சொத்தைக் காக்க உயிர் போகும் அளவு வரை தற்காப்பை அனுமதிக்கிறது. ஆனால் 37ஆம் பிரிவு அதற்கு எல்லை வைக்கிறது. தேவைக்கு மேல் தாக்கக் கூடாது, போலீசை நாட நேரம் இருந்தால் உரிமை கிடையாது. முதுகைக் காட்டி ஓடுகிறவனைச் சுட்டால் வழக்கு உங்கள் மேல்தான்.

துப்பாக்கி காலியாக, சுவரில் போல்ட் போட்ட இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்க வேண்டும். தோட்டா வேறு பூட்டில். இரண்டு சாவியும் எங்கே என்று லைசென்ஸ்தாரருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரிய வேண்டும்.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரலாம். அந்த வாரங்களுக்குத் துப்பாக்கி வீட்டில் இராது என்பதால் கம்பி கேட், கேமரா, விளக்கு, நாய் எல்லாம் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். கொடுக்கும்போது துப்பாக்கி எண் எழுதிய ரசீது வாங்குங்கள். குழலுக்குள் எண்ணெய் பூசிக் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே திறந்து வெளிச்சத்தில் குழலைப் பார்த்துவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.