நான்கு வருடமாக லினக்ஸில் வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும்

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கத் தட்டச்சுதான். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட டெஸ்க்டொப்பில் நான்கு வருடமாக லொஜிடெக் வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும் பாவிக்கிறேன். அவற்றின் சிக்னலை வாங்கும் சின்ன ரிசீவரை யூஎஸ்பி துளையில் செருகியதும் இரண்டும் வேலை செய்துவிட்டன. ஆனால் பற்றரி எவ்வளவு மிச்சம், எது எந்த ரிசீவரோடு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வழி தெரியவில்லை. நிறுவனத்தின் சொந்த மென்பொருள் லினக்ஸுக்கு இல்லை.

அப்போதுதான் சோலார் என்ற இலவச மென்பொருள் கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஏ’ இரண்டு தரம் வரும், தேடும்போது கவனியுங்கள். உபுண்டுவின் மென்பொருள் தொகுப்பிலேயே இருக்கிறது. நிறுவியபின் ரிசீவரை ஒருமுறை கழற்றித் திரும்பச் செருக வேண்டும், இல்லாவிட்டால் ரிசீவரை அணுக சோலாருக்கு அனுமதி இல்லாமல் போகலாம். என்னுடையது லொஜிடெக்கின் யூனிஃபையிங் என்ற வகை ரிசீவர், அப்படி ஒன்றில் 6 சாதனங்கள் வரை சேர்க்கலாம். சோலாரில் புதிய சாதனம் சேர்க்கும் பொத்தானை அழுத்திவிட்டு, 30 விநாடிக்குள் மவுஸின் சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டால் சரி.

இரண்டாம் வருடம் மவுஸ் திக்கத் தொடங்கியது. எப்போதும் இல்லை, வெளி ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகளைப் பிரதி எடுக்கும்போது மட்டும். அம்புக்குறி நின்று நின்று நகரும். ‘கொழும்பு’ என்று அடித்தால் நடுவில் ஓர் எழுத்து விழாது. சோலாரைத் திறந்தால் பற்றரி நிறைய இருக்கிறது. ஆகவே கோளாறு வேறெங்கோ. கடைசியில் பார்த்தால், ரிசீவருக்குப் பக்கத்திலேயே ஹார்ட் டிஸ்க்கின் யூஎஸ்பி 3.0 வயர். யூஎஸ்பி 3.0 இயங்கும்போது கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைக் குழப்பும், ரிசீவர் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் 2012இலேயே இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. புறக்கோட்டையில் ஒரு மீற்றர் யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கினேன். ரிசீவரை மேசை மேலே, கீபோர்டுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தேன். அன்றோடு திக்கல் நின்றது. மவுஸை மாற்ற நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

பழைய ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. 2016இல் மவுஸ்ஜாக் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. அருகிலிருக்கும் ஒருவர் பல நிறுவனங்களின் ரிசீவர்கள் வழியாக உங்கள் கணினிக்குள் விசைகளை அடிக்க முடியும். வாடிக்கையாளரின் ஆவணங்கள் என் கணினியில் இருப்பதால் இதை நான் அலட்சியமாக விடவில்லை. எஃப்டபிள்யூஅப்டி என்ற கருவி மூலம் லினக்ஸிலிருந்தே ரிசீவரின் ஃபர்ம்வெயரை, அதாவது அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, புதுப்பித்தேன். சில நிமிட வேலைதான்.

போன வருடம் பம்பலப்பிட்டியில் இன்னொரு மவுஸ் வாங்கினேன். அது லொஜிடெக் 2021இல் கொண்டுவந்த போல்ட் என்ற புதிய வகை. யூனிஃபையிங் ரிசீவரோடு சேராது, தன் சொந்த ரிசீவர்தான் வேண்டும். இப்போது இரண்டு ரிசீவர்களும் செருகியிருக்கின்றன, சோலார் இரண்டையும் ஒரே சாளரத்தில் காட்டுகிறது. ஒரே ரிசீவரில் முடிக்க விரும்பினால் வாங்குமுன் பெட்டியில் எந்த வகை என்று வாசித்துவிடுங்கள்.