கும்பகோணம் டு சென்னை: திருச்சி விமானமா, ராத்திரி ரயிலா?

“ஃப்ளைட்டுல ஒரு மணி நேரந்தானேடா? எதுக்கு ராத்திரியெல்லாம் ரயில்ல ஆடிக்கிட்டு வர்றே?” தாம்பரத்து மாமா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று பங்குனியில் திருச்சியில் விமானம் ஏறினேன்.

திருச்சிக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 290 கிலோமீட்டர். குறுகிய தூரத்துக்கு விடும் ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தைத் தொடும். வகுத்தால் 35 நிமிடம்தான் வருகிறது, டிக்கெட்டில் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஏமாற்று ஒன்றும் இல்லை. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து சென்னையில் போய் நிற்கும்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, சென்னை வானத்தில் இறங்க முறை வரும்வரை சுற்றுவது எல்லாம் அதில் அடக்கம்.

அடங்காதது நம் பாடு. சென்னை எனக்கு வடகிழக்கே. நான் கிளம்பியதோ மேற்கே, தஞ்சாவூர் வழியாக ஏறத்தாழ 95 கி.மீ. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் கதைதான். பத்து மணி விமானத்துக்குக் காலை ஆறுக்கே காரில் ஏறினேன். பெட்டி போடும் கவுன்டரை ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிடுவார்கள் என்பதால் எட்டரைக்குள் உள்ளே போயாக வேண்டும். அம்மா கொடுத்த மாவடு பாட்டிலைப் புத்தியில்லாமல் கைப்பையில் வைத்திருந்தேன். சோதனையில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். பதினொன்றுக்கு இறங்கி, பெட்டி வந்து, தாம்பரம் சேரும்போது மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது.

ஆக, வீட்டிலிருந்து வீட்டுக்கு ஆறு மணி நேரம். மயிலாடுதுறை, சிதம்பரம், விழுப்புரம் வழியாகப் போகும் ரயிலும் தாம்பரத்துக்குக் கிட்டத்தட்ட அதே நேரம்தான் எடுக்கும். அதில் படுத்துத் தூங்கலாம், மாவடுவும் கூடவே வரும்.

விமானத்துக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும். மேற்கே எழும்பி வலப்பக்கம் திரும்பியபோது, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் படகு மாதிரி கிடந்தது. அதற்காகவே ஒருமுறை போகலாம்.

திருச்சிக்காரர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. ஜங்ஷனிலிருந்து விமான நிலையம் பக்கம். ஆனால் அவர்களுக்கு 2023 செப்டம்பர் முதல் வந்தே பாரத்தும் இருக்கிறது. சுமார் நாலு மணி நேரத்தில் எழும்பூர். சென்னையிலிருந்து டெல்லிக்கோ வேறெங்கோ மேற்கொண்டு பறப்பவர் என்றால், ஒரே டிக்கெட்டாகப் போட்டுத் திருச்சியிலேயே பெட்டியைக் கொடுத்துவிடுவது நிம்மதி. தஞ்சாவூர் இரண்டுங்கெட்டான், அன்றைய டிக்கெட் விலையைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

கார் வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒரு வழி. சேத்தியாத்தோப்பு–சோழபுரம் இடையே 50 கி.மீ. நான்கு வழிச் சாலையை 2025 ஜூலையில் திறந்த பிறகு விக்கிரவாண்டி பக்கம் போவது எவ்வளவோ தேவலை. தனியாக ஓட்டிக்கொண்டு போக எனக்குத்தான் முதுகு ஒத்துழைக்காது.

மாமாவிடம் இந்தக் கணக்கையெல்லாம் ஒப்பித்துவிட்டு, ஊருக்குத் திரும்ப ராத்திரி ரயிலில் டிக்கெட் போட உட்கார்ந்தேன். வெயிட்டிங் லிஸ்ட் 43.