780 வெள்ளி மைக்ரோஸ்கோப்: ஆறு மாதம் ஆன பிறகு

முதலில் விலை. எங்கள் வீட்டில் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். 780 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட், கூரியருக்குத் தனியாக 18. டியூஷன் சென்டரில் எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) எழுதும் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்து நான் வாங்கும் மாதச் சம்பளத்தில் பாதிக்கும் மேல். அப்பா பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு "கனமாத்தான் இருக்கு" என்றார். செம்பனை (எண்ணெய்ப்பனை) பழக்குலை லோரி ஓட்டுகிறவர். எதையும் எடை போட்டுத்தான் மதிப்பார்.

பொருள் என்னவென்றால், இரண்டு கண்ணாலும் பார்க்கிற ஸ்டீரியோ ஜூம் மைக்ரோஸ்கோப், 7 மடங்கிலிருந்து 45 மடங்கு வரை. பிராண்ட் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒட்டியிருந்த பெயர் ஸ்டிக்கர் இரண்டாவது வாரமே உரிந்து வந்துவிட்டது. இதே உடம்பு இணையத்தில் ஏழெட்டுப் பெயரில் விற்கிறது. கூரியர்க்காரர் நாங்கள் இருக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் வர முடியாது என்று சுங்கை சிப்புட் டவுனில் ஒரு கோப்பிக் கடையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நானும் தம்பியும் மோட்டாரில் போய், பச்சைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி நடுவில் வைத்துக் கொண்டுவந்தோம். வரும் வழியில் இருக்கிற ஒவ்வொரு குழியும் எனக்கு இப்போது மனப்பாடம்.

இது எனக்கு எதற்கு? பரிணாம உயிரியலில் பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. கடைசி வருட ஆய்வு நத்தைகளைப் பற்றி. 'சிப்புட்' என்றாலே மலாயில் நத்தைதான் என்பதால் ஊரில் ஏகப்பட்ட கிண்டல். ஆனால் நான் பார்த்தது பாட்டி நடும் கீரையைத் தின்று தீர்க்கும் ஆப்பிரிக்க நத்தை இல்லை. பேராக்கின் சுண்ணாம்புக் குன்றுகளில் இருக்கும் குறுநத்தைகள். பல கடுகைவிடச் சிறியவை. ஈப்போ குனோங் ராப்பாட்டிலிருந்து 2008-இல் பெயரிடப்பட்ட ஓபிஸ்தோஸ்தோமா வெர்மிகுலத்தின் ஓடு நான்கு அச்சில் சுற்றிப் போகிறது, தண்ணீர்க் குழாயை யாரோ கோபத்தில் வீசிவிட்டுப் போன மாதிரி. செம்மோர் பக்கத்துக் குனோங் கந்தானிலிருந்து 2014-இல் சரோப்பா லஃபார்ஜி என்று ஒன்றை விவரித்தார்கள். அப்போது அந்தக் குன்றை உடைத்துக்கொண்டிருந்த சிமெண்ட் கம்பெனியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இதைவிட நாசூக்காகத் திட்ட முடியாது என்று நினைக்கிறேன்.

இவற்றைத் தேடும் முறை லேபில் தொடங்குவதில்லை, வாளியில் தொடங்குகிறது. குன்றின் அடிமண்ணை அள்ளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் கல்லும் மண்ணும் அடியில் போகும், உள்ளே காற்று நிற்கும் வெற்று ஓடுகள் மிதக்கும். அரிசி களையத் தெரிந்த யாருக்கும் கை தானாக வரும். மிதப்பதைச் சல்லடையில் எடுத்துக் காயவைத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழே ஈரத் தூரிகை நுனியால் ஒன்றொன்றாகப் பொறுக்க வேண்டும். ஒரு பருவம் முழுக்க அதைத்தான் செய்தேன். பட்டத்தோடு அந்தக் கை மறந்துவிடக்கூடாது என்றுதான் 780 வெள்ளி.

அந்த வேலைக்கு இது போதும். 45 மடங்கில் தெரிகிற வட்டம் சுமார் 4.4 மில்லிமீட்டர் அகலம். ஒரு மில்லிமீட்டர் நத்தை அதில் கால்வாசியை அடைத்து உட்கார்ந்துகொள்ளும், ஓட்டின் வரிகளை எண்ணலாம். ஓரங்களில் நீல விளிம்பு தட்டுகிறது. லேபில் இருந்ததில் அது கிடையாது, ஆனால் அதன் விலைக்குப் பழைய கஞ்சில் கார் ஒன்று வாங்கலாம். '90 மடங்கு' என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். கூடவே தருகிற 20 மடங்குக் கண்வில்லையைப் போட்டால் உருவம் பெரிதாகும், தெளிவாகாது.

மூன்று குறைகள் உண்டு. முதல் நாளே தலைப்பகுதி தானாகக் கீழே இறங்கியது, தூங்கி விழுகிற ஆள் மாதிரி. விற்றவருக்கு எழுதினேன், ஒரு கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக வந்தது. இரண்டு ஃபோகஸ் திருகுகளையும் பிடித்து ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகத் திருகினால் இறுகிவிடும் என்று லேப் உதவியாளர் அக்கா காட்டியது ஞாபகம் வந்தது, சரியாகிவிட்டது. வளைய விளக்கு இன்னொரு தொல்லை. கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது, கைப்பேசியில் படம் எடுத்தால் கறுப்புப் பட்டைகள். நான் படிக்கிற மேசை விளக்கை வைத்துக்கொள்கிறேன். மூன்றாவது குறை நம் ஊர் ஈரக்காற்று. மேசையில் துணி போட்டு மூடி வைத்தால் வில்லையில் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சட்டியில் போட்டுச் சூடுகாட்டலாம், ஆனால் அந்தச் சட்டியில் பிறகு சமைக்காதீர்கள். அம்மாவிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

லேபில் கற்றதில் மற்ற பாதிக்கு இது உதவாது, உதவும் என்று நினைத்து வாங்கவும் வேண்டாம். உயிருள்ள நத்தையிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, இனங்களைப் பிரித்தறிய உதவும் சி.ஓ.ஐ. மரபணுவைப் பி.சி.ஆரில், அதாவது டி.என்.ஏ.வை நகலெடுக்கும் முறையில், பெருக்குவதுதான் என் இரண்டாவது பருவம். பெருகியதா என்று கோடாகக் காட்டும் ஜெல்லில் ஆறு வாரம் ஒரு கோடுகூட வரவில்லை. நத்தையின் கோழையில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு வந்து, பி.சி.ஆர். நொதியை வேலை செய்ய விடுவதில்லை. அந்தச் சர்க்கரையைப் பிரித்து விலக்கும் சி.டி.ஏ.பி. முறைக்கு மாறி, கிடைத்ததைப் பத்து மடங்கு நீர்த்துப் போட்டபோது கோடு வந்தது. அதிகம் போட்டால்தான் வரும் என்று அதுவரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். விளக்கை அணைத்து, ஒளிரும் அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்தபோது பக்கத்தில் யாருமில்லை. சத்தம் போட்டுச் சிரித்தேன்.

வீட்டில் இந்த மைக்ரோஸ்கோப்பை அதிகம் பயன்படுத்தியது நான் இல்லை, பாட்டி. ஒரு நாள் செம்பனை ஆண் பூவில் ஒரு துண்டு கொண்டுவந்தேன். சோம்பு வாசனை வீடெல்லாம் அடித்தது. அதில் ஊர்கிற மூக்கு வண்டை 20 மடங்கில் வைத்து, "இதுதான் பாட்டி, கேமரூன்ல இருந்து 1981-ல கொண்டாந்து விட்டது" என்றேன். செம்பனை 1917-இலேயே தென்னமாரம் தோட்டத்தில் வணிகப் பயிராகிவிட்டது, ஆனால் அதன் வண்டு அதோடு சேர்ந்து வரவில்லை. செம்பனையின் மகரந்தத்தைப் பரப்புவது இந்த வண்டுதான் என்று ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர்தான் ஆப்பிரிக்காவில் கண்டறிந்தார். அதுவரை மகரந்தத்தை மனிதர்கள்தான் தூவினார்கள். அப்படித் தூவியவர்களில் ஒருவர் என் பாட்டி. டால்க் பவுடரோடு கலந்து, பெண் பூவில் ஊதுகிற வேலை.

பாட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் குனிந்தே இருந்தார். "மூக்கப் பாரு கண்ணு, யான மாதிரி" என்றார். பிறகு, "இத்தனூண்டா இருந்துக்கிட்டு எங்க பெரட்டு முழுக்க வீட்டுக்கு அனுப்பிருச்சே." பெரட்டு என்றால் காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் தோட்டத் தொழிலாளர் கூட்டம். வண்டு முதுகில் ஒட்டியிருந்த மஞ்சள் தூளைக் காட்டினேன். "அது எனக்குத் தெரியும்" என்று என் கையைத் தட்டிவிட்டார்.

சபா பல்கலைக்கழகத்துக்கு மாஸ்டர்ஸ் ஆய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். என் இலக்கு அருங்காட்சியக வேலை. இழுப்பறையைத் திறந்து, இந்தக் குன்றில் முன்பு இன்னதெல்லாம் இருந்தது என்று பெயர் சொல்லக்கூடிய ஆளாக வேண்டும். பெரியப்பா, "நத்தையப் படிச்சா யாரும்மா சம்பளம் கொடுப்பா?" என்று தீபாவளியன்று எல்லார் முன்னாலும் கேட்டார். கேள்வி நியாயமானது, பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடனும் தலைமேல் இருக்கிறது. குன்றை உடைப்பதற்கு முன் சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்கு நத்தையை அடையாளம் சொல்ல ஆள் வேண்டுமே, பெரியப்பா, என்றேன். முறுக்கை எடுத்துக் கடித்தார். அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பூச்சி, ஓடு, பூ பார்க்க விரும்புகிறவர்கள் வாங்கலாம். செல்லைப் பார்க்க வேண்டும் என்றால் இது இல்லை.

பாட்டி இப்போது பெண் பூவைப் பார்க்க வேண்டும் என்கிறார். வெட்டினால் ஒரு குலை போய்விடும், முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். மைக்ரோஸ்கோப்பை மரத்தடிக்குத் தூக்கிப்போனால் என்ன என்று பாட்டி கேட்கிறார். பிளக் பாயிண்ட் இல்லை என்றேன். வெயில் இருக்கிறதே என்கிறார்.